புதிதாகச் செய்வதா, பார்த்துச் செய்வதா? பல்தேசியக் கம்பனிகளின் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வணிக முகாமைத்துவம் படிப்பவர்கள், கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் சிறிய அளவில் பொருள் செய்து விற்பவர்கள், பல்தேசியக் கம்பனிகளின் இங்குள்ள அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் என மூன்று பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பதிலில் "கேள்வி 5 பார்க்க" என்று வந்தால் அங்கே சொன்னதை மறுபடி சொல்லவில்லை என்று அர்த்தம்.

1. "கண்டுபிடிப்பு, புத்தாக்கம், பின்பற்றல் என்று ஏன் மூன்றாப் பிரிக்கிறீங்க?"

ஆய்வுகூடத்தில் ஒரு விடயம் முதன்முதலாக வேலை செய்தால் அது கண்டுபிடிப்பு. அதைப் பொருளாக்கி, விலை குறித்து, யாரோ காசு கொடுத்து வாங்கினால்தான் புத்தாக்கம். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் செய்வது சாதாரணம். பின்பற்றல் என்றால், இன்னொருவர் சந்தையில் ஓட்டிக் காட்டிய பொருளையோ செய்முறையையோ வியாபார முறையையோ எடுத்துத் தனக்கேற்றபடி செய்வது.

போலிப் பொருள் இதில் சேராது. அடுத்தவர் பெயரையும் சின்னத்தையும் ஒட்டி விற்பது குற்றம். இந்தப் பக்கத்தில் பின்பற்றல் என்று வரும் இடமெல்லாம், செய்தவர் தன் சொந்தப் பெயரிலேயே விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2. "கொப்பி அடிக்கிறது சின்ன ஆட்கள் வேலைதானே? உலகப் பெரிய கம்பனி செய்யுமா?"

செய்யும். தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடும் கிறீம் கிரேக்கரை எடுங்கள். 1885இல் டப்ளினில் ஜேக்கப்ஸ் விற்கத் தொடங்கிய பிஸ்கட் அது. மலிபனும் மஞ்சியும் போட்டிபோட்டு விற்கும் ஊரில் அதை அயர்லாந்துப் பொருள் என்று யாரும் நினைப்பதில்லை. வீதியில் ஓடும் த்ரீவீலின் மூத்த தலைமுறை, 1948இல் இத்தாலியின் பியாஜியோ வெளியிட்ட 'ஏப்பே'. பஜாஜ் முதலில் பியாஜியோவின் உரிமத்தோடு செய்து பழகி, பிறகு தனியாக நின்றது. கையடக்க எம்பி3 பெட்டியை 1998இலேயே கொரியாவின் சேஹன் விற்றது. அப்பிளின் ஐபொட் வந்தது 2001 ஒக்டோபரில்.

பெரியவர் சிறியவரைப் பார்த்துச் செய்வதும் உண்டு. சில்லறைக் கடை வாசலில் தோரணம் போலத் தொங்கும் ஷாம்பு சஷேயைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதைப் பரப்பியவர்களில் முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணனின் குடும்பம். போத்தலே கதியென்றிருந்த பல்தேசியக் கம்பனிகள் பிறகுதான் அந்த வழிக்கு வந்தன.

3. "முதல்ல வாறவனுக்குத்தான் சந்தை என்று நோட்ஸில இருக்கே?"

அந்த வரியை அப்படியே எழுதினால் புள்ளி கிடைக்கலாம், ஆனால் அது பாதி உண்மை. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் கொமெட். 1952 மே மாதம் சேவைக்கு வந்து, அதே வருடம் ஓகஸ்டில் கொழும்புக்கும் பறந்தது. 1954இல் இரண்டு விமானங்கள் மத்தியதரைக் கடலுக்கு மேல் சிதறின. ஒரு கொமெட்டின் உடலைத் தண்ணீர்த் தாங்கியில் இறக்கி, அமுக்கத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பறக்கும் ஒவ்வொரு தடவையும் உள் அமுக்கம் கூடிக் குறைந்ததில், உடலில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்து வெடித்திருந்தது. அந்த முடிவுகள் எல்லோருக்கும் கிடைத்தன. 1958 ஒக்டோபரில் போயிங் 707 சேவைக்கு வந்தபோது அந்தப் பாடத்துக்கான செலவை வேறொருவர் கட்டி முடித்திருந்தார்.

சி.டி. ஸ்கேன் இன்னொரு மாதிரி. பிரித்தானியாவின் ஈ.எம்.ஐ. கம்பனியில் ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த இயந்திரம் 1971இல் முதல் நோயாளியைப் படமெடுத்தது. அவருக்கு 1979இல் நோபல் பரிசும் கிடைத்தது. இயந்திரத்தில் குறை இல்லை. ஈ.எம்.ஐ. அடிப்படையில் இசைத்தட்டும் மின்னணுவும் செய்த கம்பனி. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பழுது பார்க்க, பயிற்சி கொடுக்க, உதிரிப்பாகம் கொண்டுபோக அதற்கு ஆள் வலை இருக்கவில்லை. எக்ஸ்ரே இயந்திரம் விற்று அந்த வலையை ஏற்கெனவே வைத்திருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் போன்றவர்கள் பின்னால் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஈ.எம்.ஐ. அந்தத் தொழிலை விட்டே போனது.

முதலில் வருவது உதவும் இடங்களும் உண்டு: வாடிக்கையாளர் ஒரு தடவை சேர்ந்தால் விலகுவது கடினமான சேவை, ஒன்றே ஒன்றுதான் இருக்கிற நல்ல இடம், ஆள் கூடக் கூடப் பயன் கூடும் வலையமைப்பு.

4. "பார்த்துச் செய்தா எவ்வளவு மிச்சம்?"

நினைப்பதைவிடக் குறைவு. பொருளியலாளர் எட்வின் மான்ஸ்ஃபீல்டும் இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் 48 புதிய பொருள்களைப் பார்த்தார்கள். பின்பற்றியவருக்கு ஆன செலவு, புதிதாகச் செய்தவரின் செலவில் சராசரியாக 65 சதவீதம். எடுத்த காலம் 70 சதவீதம். மிச்சமாவது மூன்றில் ஒரு பங்குதான். அச்சும் இயந்திரமும் வாங்க வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும், சோதனை ஓட்டத்தில் கழிவு போகும், சான்றிதழ் எடுக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் யாருக்கும் ஒன்றுதான்.

உண்மையில் மிச்சமாவது வேறொன்று: ஓடாத பொருளில் காசு போடாமல் தப்புவது. பத்துப் புதிய யோசனைகளில் எது விற்கும் என்பதைச் சந்தையே காட்டிய பிறகு பின்பற்றுகிறவர் இறங்குகிறார். 65 சதவீதக் கணக்கில் இது வராது.

5. "யார் வெல்லுவாங்க என்று முன்கூட்டியே சொல்ல ஏதும் வழி இருக்கா?"

பொருளியலாளர் டேவிட் டீஸ் 1986இல் கொடுத்த சட்டகம் இன்றும் வேலை செய்கிறது. இரண்டு கேள்வி போதும். ஒன்று: இதைப் பார்த்துச் செய்வது எவ்வளவு சுலபம்? ஆக்கவுரிமை (பேட்டன்ட்) இறுக்கமா, செய்முறை இரகசியமா, அல்லது கடையில் வாங்கிப் பிரித்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? இரண்டு: பொருளைக் காசாக்கத் தேவையான மற்றவை யாரிடம் இருக்கின்றன? தொழிற்சாலை, விநியோகம், திருத்தும் ஆட்கள், பெயர், ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளின் அனுமதி எல்லாம் இதில் அடங்கும்.

பார்த்துச் செய்வது சுலபமாகவும் மற்றவை வேறொருவர் கையிலும் இருந்தால் முதலில் செய்தவர் தோற்பார். ஈ.எம்.ஐ. கதை அதுதான். பார்த்துச் செய்ய முடியாதென்றால் அவர் அவசரப்படத் தேவையில்லை; உரிமம் கொடுத்தே வாழலாம். நடுவில் உள்ளவைதான் சண்டை. எங்கள் கணிப்பில், பரீட்சை விடைகளில் முதல் கேள்விக்கு ஒரு பக்கமும் இரண்டாவதுக்கு ஒரு வரியும் எழுதுவது தலைகீழ்.

6. "கொலஸ்ட்ரோல் மாத்திரை பத்துப் பெயரில பாமசியில இருக்கு. அதில எது ஒரிஜினல், எது கொப்பி?"

நல்ல கேள்வி, ஏனென்றால் அந்த ஒரு மாத்திரையில் இரண்டு வகைப் பின்பற்றல் இருக்கிறது. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையை முதலில் கண்டவர் ஜப்பானின் சங்க்யோ கம்பனியில் இருந்த அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து 1970களின் தொடக்கத்தில் அதைப் பிடித்தார். ஆனால் 1987இல் முதலில் விற்பனை அனுமதி பெற்றது அமெரிக்காவின் மேர்க் செய்த லோவாஸ்டாட்டின். அட்டோவாஸ்டாட்டின், அதாவது லிபிட்டோர், அமெரிக்கச் சந்தைக்கு ஐந்தாவதாக வந்தது. வந்தது 1997இல், தன் காலத்தில் உலகிலேயே அதிகம் விற்ற மருந்தானது. ஒரே வழியில் வேலை செய்யும் வேறொரு மூலக்கூறு, தனக்கென்று தனி ஆக்கவுரிமை: இது முதல் வகை.

2011 நவம்பரில் அமெரிக்காவில் அதன் பாதுகாப்பு முடிந்ததும் இரண்டாவது வகை தொடங்கியது. அதே மூலக்கூறு, வேறு பெயர், குறைந்த விலை. ஜெனரிக் செய்கிறவர் நோயாளிகளிடம் புதிதாகப் பெரிய பரிசோதனை நடத்தத் தேவையில்லை. இரத்தத்தில் மருந்து சேரும் அளவை மூல மருந்தோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தின் 90 சதவீத நம்பக எல்லை (உண்மை விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) 80 முதல் 125 சதவீதத்துக்குள் நிற்கிறது என்று காட்ட வேண்டும். சர்வதேச அளவில் வழக்கத்திலுள்ள அளவுகோல் அது. இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியபோது, நாடு முழுவதற்கும் மருந்தை வணிகப் பெயரில் வாங்காமல் மருந்தின் பெயரிலேயே கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் பழக்கம் வந்தது. பின்பற்றலை நாட்டின் கொள்கையாகவே எடுத்த இடம் அது.

7. "நல்ல லெகின்ஸ் ஒன்றை வாங்கி அவிழ்த்துப் பார்த்தா அதே மாதிரி தைக்கலாம்தானே?"

கண்ணுக்குத் தெரிவதை எடுத்துவிடலாம். வட்டக் கத்தியால் 100 சதுர சென்ரிமீற்றர் துணி வெட்டித் தராசில் வையுங்கள்; 2.45 கிராம் என்றால் 245 ஜி.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 245 கிராம்). ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். தட்டையாக விழுந்த தையல் நான்கு ஊசி ஆறு நூல் ஃபிளட்லொக்கா என்று பாருங்கள். தையலைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் கடதாசியில் வரைந்தால் பட்டர்ன் கிடைக்கும். நார் எது, இழுபடும் நாரான எலஸ்டேன் எத்தனை வீதம் என்று ஆய்வுகூடம் சொல்லும். மூன்று நாளில் சாம்பிள் தயார். சாம்பிள் அறையில் அதை அசலோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது.

இருபது தடவை கழுவிய பிறகு தெரியும். முழங்கால் பகுதி தொளதொளக்கும், குனிந்தால் துணி வெளிறித் தெரியும், இடுப்புப் பட்டி சுருளும். எலஸ்டேன் கலந்த துணியைச் சூட்டில் நிலைப்படுத்திய வெப்பமும் நேரமும், சாயத்தின் கலவை, ரோலிலிருந்து விரித்த துணியை வெட்டுமுன் எத்தனை மணி நேரம் தளர விட்டார்கள் என்பது எதுவும் துணியில் எழுதியிருக்காது. 24 மணி நேரம் தளர விட வேண்டிய துணியை அவசரத்தில் அன்றே வெட்டினால், தைத்த பிறகு எம் சைஸ் எஸ் ஆகி நிற்கும்.

அடுத்தது தொழிற்சாலையில் தைக்கும் ஆட்களின் வரிசை ஓடும் வேகம். ஓர் உருப்படிக்கு 12 நிமிட வேலை, 30 பேர், 480 நிமிட நாள் என்று வையுங்கள். அசல் செய்பவரின் வரிசை 60 சதவீதத் திறனில் ஓடினால் நாளுக்கு 720 உருப்படி. புதிதாகத் தொடங்கிய உங்கள் வரிசை 40 சதவீதம் என்றால் 480. அதே சம்பளத்தை 480ஆல் பிரிக்கிறீர்கள். ஓர் உருப்படிக்கான கூலி ஒன்றரை மடங்கு. கடையில் பார்த்த விலையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

8. "எல்லாத்தையும் அப்படியே எடுத்தாங்க, ஆனாலும் தோத்தாங்க. ஏன்?"

பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுத்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் மலிவு விமானத்தைப் பார்த்து கொன்டினென்டல் கம்பனி 1993இல் 'கொன்டினென்டல் லைட்' தொடங்கியது. சாப்பாட்டை நிறுத்தியது, கட்டணத்தைக் குறைத்தது, பறப்புகளைக் கூட்டியது. ஆனால் பல வகை விமானங்கள், ஆசன ஒதுக்கீடு, பயண முகவர்கள், பொதி மாற்றிக் கொடுக்கும் வேலை எல்லாம் அப்படியே இருந்தன. சவுத்வெஸ்ட் அப்போது ஒரே வகை போயிங் 737, ஆசன இலக்கம் கிடையாது, பொதி மாற்றிக் கொடுப்பதில்லை. அதனால்தான் வந்த விமானத்தைச் சில நிமிடங்களில் திருப்பி அனுப்ப முடிந்தது. அதனால்தான் ஒரு விமானம் நாளுக்கு அதிக தடவை பறந்தது. அதனால்தான் கட்டணம் குறைந்தது. நடுவில் ஒரு கண்ணியை விட்டால் மிச்சம் வேலை செய்யாது. 1995இல் லைட்டை மூடினார்கள். ரயன்எயர் அதே சவுத்வெஸ்டைப் பார்த்து முழுச் சங்கிலியையும் எடுத்து, இன்னும் இறுக்கியது. பிறகு எயார்ஏசியாவும் மலிவுக் கட்டண முறையை ஆசியாவுக்குக் கொண்டுவந்தது.

பார்க்கப் போகிறவர் 'என்ன செய்கிறார்கள்' என்று குறித்துக்கொண்டு வருவார். 'இதை நிறுத்தினால் வேறு எது நிற்கும்' என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

9. "வெளிநாட்டில நல்லா ஓடின முறை இங்கே ஓடாதா?"

கைபேசி வழியே காசு அனுப்பும் எம்-பெசா கென்யாவில் 2007இல் தொடங்கி, வங்கிக் கணக்கே இல்லாத மக்களிடையே பரவியது. நகரத்தில் உழைப்பவர் ஊருக்குக் காசு அனுப்ப அதைவிட நல்ல வழி இருக்கவில்லை. அதே பெயரில், அதே குழுமத்தின் ஆதரவில் தென்னாபிரிக்காவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே வங்கிகளும் ஏ.டி.எம்.களும் பரவலாக இருந்தன. 2016இல் நிறுத்தினார்கள். இலங்கையில் டயலொக் 2012இல் இதே போன்ற ஈசி கேஷ் சேவையைக் கொண்டுவந்தபோதும், வயது வந்தவர்களில் பெரும்பாலானோர் கையில் வங்கிப் புத்தகம் இருந்தது. கென்யாவில் தீர்த்த அதே பிரச்சினை இங்கே அந்த அளவில் இருக்கவில்லை.

தன் முறையையே தவறாகப் பிரதி எடுப்பதும் நடக்கும். சீனாவில் இணைய ஏலத் தளமான ஈபே, தான் வாங்கிய உள்ளூர் தளத்தை 2004இல் தன் உலகப் பொதுத் தளத்துக்கு மாற்றியது. பக்கங்கள் மெதுவாயின, சின்ன மாற்றத்துக்கும் தலைமையகத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. 2003இல் தொடங்கிய சீனப் போட்டித் தளம் தாவோபாவோ பட்டியலிடக் கட்டணம் எடுக்கவில்லை. வாங்குபவரும் விற்பவரும் நேரே பேச வழி வைத்தது. பொருள் கைக்கு வரும்வரை காசை நடுவில் பிடித்து வைக்கும் அலிபேயையும் கொண்டுவந்தது. 2006 கடைசியில் ஈபே தன் சீனத் தளத்தை விட்டுவிட்டது. ஏல முறை ஈபேயுடையது. முன்பின் தெரியாதவரோடு வியாபாரம் செய்யும் பயத்தைத் தீர்த்தது தாவோபாவோ.

10. "ஆக்கவுரிமை எடுத்தா யாரும் கிட்ட வரமாட்டாங்கதானே?"

வருவார்கள். கேள்வி 4இல் சொன்ன அதே ஆய்வில், ஆக்கவுரிமை இருந்த வெற்றிப் பொருள்களில் சுமார் 60 சதவீதத்தை நான்கு வருடத்துக்குள் யாரோ சுற்றி வந்து செய்திருந்தார்கள். ஆக்கவுரிமை என்பது ஒரு பேரம்: 20 வருடத் தனியுரிமைக்குப் பதிலாக முறையை வெளியே எழுதிக் கொடுக்கிறீர்கள். பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த 18 மாதத்தில் அது பிரசுரமாகும். போட்டியாளர் அதை வாசித்தே வேறு வழி தேடுவார்.

எங்கள் பரிந்துரை இது. பொருளைப் பிரித்தால் தெரிந்துவிடும் என்றால் ஆக்கவுரிமை எடுங்கள். தொழிற்சாலைக்குள்ளேயே மறைந்திருக்கும் செய்முறை என்றால் இரகசியமாக வையுங்கள். லெகின்ஸின் தையல் முறை முதல் வகை, சூட்டில் நிலைப்படுத்தும் முறை இரண்டாவது. இரகசியத்துக்குக் கால எல்லை கிடையாது, ஆனால் இன்னொருவர் நேர்மையாகத் தானே கண்டுபிடித்தால் தடுக்க முடியாது. ஒரு முக்கிய எச்சரிக்கை: விண்ணப்பிக்க முதல் கண்காட்சியில் வைக்காதீர்கள், முகநூலில் போடாதீர்கள். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் நீங்களே வெளியிட்டதையும் புதுமைக்கு எதிரான சான்றாகவே எடுக்கும்.

தோற்றம் தனிக் கணக்கு. அப்பிள் சாம்சங்கை இழுத்த வழக்கில் 2012இல் ஜூரி கொடுத்த தொகை 1 பில்லியன் டொலருக்கு மேல். பல வருட மேன்முறையீடுகளுக்குப் பிறகு 2018இல் இன்னொரு ஜூரி 539 மில்லியன் என்றது, பிறகு இருவரும் இணங்கிக்கொண்டார்கள். அதில் போனின் வடிவமும் ஐகன்களின் அமைப்பும் பெரிய பங்கு வகித்தன. இலங்கையில் கைத்தொழில் வடிவமைப்புப் பதிவு 5 வருடம். இரண்டு தடவை புதுப்பித்து 15 வருடம்வரை கொண்டுபோகலாம்.

11. "அமெரிக்காவில ஆக்கவுரிமை உள்ள பொருளை இங்கே செய்தா பிடிப்பாங்களா?"

ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனி. இலங்கையில் பதியப்படாத ஒன்றை இலங்கையில் செய்து இலங்கையில் விற்பதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தடுக்காது. ஆனால் 'பதியப்படவில்லை' என்று முடிவெடுக்க முதல் திகதியைப் பாருங்கள். ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இலங்கையும் உறுப்பு நாடு. அந்த வழியில் போகிற கண்டுபிடிப்பாளருக்கு முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து பொதுவாக 30 மாதம்வரை மற்ற நாடுகளில் நுழைய அவகாசம் உண்டு. இன்று காணவில்லை என்பதற்காக நாளையும் வராது என்றில்லை.

ஏற்றுமதி செய்தால் கதை வேறு. பொருள் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால் அங்குள்ள ஆக்கவுரிமை உங்களைப் பிடிக்கும். முதலில் அடிபடுவது உங்கள் பையர், அவர் ஒப்பந்தத்தை வைத்து உங்களிடம் வருவார். வியாபாரச் சின்னமும் வடிவமும் வேறு வேறாகத் தேடப்பட வேண்டியவை. சின்னம் 10 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தால் முடிவே இல்லாமல் ஓடும், ஆகவே 'பழைய பொருள்தானே' என்ற நியாயம் அங்கே எடுபடாது.

12. "எங்கட ஆள் ஒருவர் விலகிப் போட்டிக் கம்பனியில சேர்ந்திட்டார். அவர் தலையில இருக்கிறதை எப்படித் தடுக்கிறது?"

திறமையைத் தடுக்க முடியாது, ஆவணத்தையும் குறிப்பிட்ட இரகசியத்தையும் தடுக்கலாம். மேலே சொன்ன சட்டத்தின் 160ஆம் பிரிவு வெளியிடப்படாத தகவலைப் பாதுகாக்கிறது. ஆனால் அதை இரகசியமாக வைக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். செய்முறைத் தாள் சுவரில் ஒட்டியிருந்தால், எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் இருந்தால், நீதிமன்றத்தில் சொல்ல ஒன்றுமில்லை. யார் யார் பார்த்தார்கள் என்ற பதிவேடு, சேரும்போதே கையொப்பமிட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தம், கலவையை இரண்டு பேரிடம் பாதி பாதியாகப் பிரித்து வைப்பது ஆகிய மூன்றும் செலவு குறைந்தவை.

13. "பெரிய கம்பனி எங்களைப் பார்த்துச் செய்தா நாங்க என்ன செய்யலாம்?"

ஸ்னெப்சட் 2013இல் 24 மணி நேரத்தில் மறையும் 'ஸ்டோரீஸ்' கொண்டுவந்தது. 2016 ஓகஸ்டில் இன்ஸ்டாகிராம் அதே பெயரிலேயே அதைச் சேர்த்தது. யோசனைக்கான பெருமை ஸ்னெப்சட்டுக்கே என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் முடியுமுன் இன்ஸ்டாகிராம் ஸ்டோரீஸை நாளாந்தம் 250 மில்லியன் பேர் பார்த்தார்கள், மொத்த ஸ்னெப்சட் பாவனையாளரைவிட அதிகம். கேள்வி 5இன் விடை அப்படியே பொருந்துகிறது: பார்த்துச் செய்வது சுலபம், ஆட்கள் ஏற்கெனவே மற்றவர் கையில்.

கொழும்பில் வேறு விதமாகப் போனது. வாடகை வாகனம் அழைக்கும் செயலியான பிக்மீ 2015இல் தொடங்கியது, அதே வருடக் கடைசியில் ஊபரும் வந்தது. பிக்மீ த்ரீவீலைத் தொடக்கத்திலேயே உள்ளே எடுத்தது. இந்த ஊரில் குறுகிய தூரப் பயணம் அதில்தான். ஊபரும் பிறகு த்ரீவீலைச் சேர்த்தது. இரண்டும் இன்றும் ஓடுகின்றன. பெரியவர் வர முதல் நீங்கள் பிடித்து வைக்க வேண்டியது, அவர் காசு கொடுத்தும் உடனே வாங்க முடியாத ஒன்று: ஓட்டுநர்களோடான உறவு, கடைகளின் கடன் ஒழுங்கு, கொழும்புக்கு வெளியேயான விநியோகம். வழக்குப் போடுவது கடைசி வழி. பெரிய கம்பனியின் சட்டப் பிரிவுக்கு அது வழக்கமான நாள்.

14. "கொப்பி அடிச்சே முன்னுக்கு வந்த கம்பனி பிறகு தானே புதுசா செய்யுமா? பி.வை.டி. கார் இப்ப எங்கட றோட்டிலயும் நிக்குது."

பி.வை.டி. 1995இல் சீனாவின் ஷென்செனில் போன் மின்கலம் செய்யத் தொடங்கியது. ஜப்பானியக் கம்பனிகள் தானியங்கி வரிசையில் செய்ததை, வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து ஆட்களின் கையால் செய்தது. பொருள் அதேதான், செய்முறை சொந்தம். சோனியும் சான்யோவும் வழக்குப் போட்டன. 2003இல் ஒரு கார்க் கம்பனியை வாங்கியது. 2005இல் வந்த அதன் எஃப்3, டொயோட்டா கொரோலாவின் சாயலை ஒளிக்கவே இல்லை. 2020இல் தன் சொந்த 'பிளேட்' மின்கலத்தை வெளியிட்டது. 2023இன் கடைசிக் காலாண்டில் முழு மின்சாரக் கார் விற்பனையில் டெஸ்லாவைத் தாண்டியது.

கவனிக்க வேண்டியது எதற்குப் பிறகு எது நடந்தது என்பதை. காரின் வெளித்தோற்றத்தை எடுத்தார்கள், உள்ளே மின்கலத்தில் தங்கள் அறிவை வளர்த்தார்கள். பின்பற்றிய காலத்தில் ஆய்வுக்குக் காசு போடாத கம்பனிக்கு இது வாய்க்காது. எடுத்ததை விளங்கிக்கொள்ளவே சொந்த ஆய்வாளர் தேவை.

15. "கொடாக் புதுசா ஒன்றும் செய்யாததால அழிஞ்சது. இது சரிதானே?"

புதிதாகச் செய்யவில்லை என்பதும் பிழை, அதனால்தான் அழிந்தது என்பதும் பிழை. டிஜிட்டல் கமராவை 1975இல் கொடாக்கின் பொறியியலாளர் ஸ்டீவ் சாசன்தான் செய்தார். ஒரு படத்தை கசெட்டில் பதிய 23 செக்கன் எடுத்தது. 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கமரா விற்பனையில் கொடாக் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அதன் இலாபம் இருந்தது பிலிம், கடதாசி, கழுவும் இரசாயனம், ஊரூராக இருந்த ஸ்டூடியோக்கள் ஆகியவற்றில். கேள்வி 5இன் 'மற்றவை' எல்லாம் கொடாக்கிடம் இருந்தன, ஆனால் பழைய பொருளுக்கு உரியவை. புதிய பொருளுக்குத் தேவையான சிப்பும் திரையும் மற்றவர்களிடம் இருந்தன. 2012 ஜனவரியில் கொடாக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதே பிலிம் தொழிலில் இருந்த ஃபுஜிஃபில்ம், அந்த இரசாயன அறிவை எல்.சி.டி. திரைக்கான மெல்லிய படலத்துக்கும் அழகுசாதனத்துக்கும் திருப்பிப் பிழைத்தது.

இன்னொரு விடயம் நோட்ஸில் வருவதில்லை: கொடாக் பின்பற்றியும் அடிபட்டது. போலரொய்டின் உடனடிக் கமராவைப் பார்த்து 1976இல் தானும் ஒன்றை விட்டது. போலரொய்ட் வழக்கில் வென்றது. 1986இல் கொடாக் அந்தத் தொழிலையே நிறுத்த வேண்டி வந்தது, 1991இல் 925 மில்லியன் டொலர் கொடுத்து முடித்தது. கமராவை வாங்கிய வாடிக்கையாளர்கள் பிலிம் கிடைக்காமல் நின்றார்கள்.

16. "சரி, ஒரு பொருளைப் பார்த்துச் செய்யலாமா என்று முடிவெடுக்க முதல் கிழமை என்ன செய்யணும்?"

ஒரே பொருளில் மூன்று வாங்குங்கள், வெவ்வேறு கடையில், வெவ்வேறு தொகுதி இலக்கத்தில். மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகின்றன என்பதே அசல் செய்பவரின் கட்டுப்பாட்டைக் காட்டும். ஒன்றைப் பிரியுங்கள், ஒன்றைப் பாவியுங்கள், ஒன்றை ஒப்பிட வைத்திருங்கள். அன்றே எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகிள் பேட்டன்ட்ஸ் ஆகிய மூன்று இலவச ஆக்கவுரிமைத் தேடல் தளங்களிலும் கம்பனியின் பெயரையும் பொருளின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். பிறகு தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் சின்னத்தையும் வடிவத்தையும் கேளுங்கள். விலையைக் கேள்வி 7இன் 40 சதவீதத் திறனில் கணக்குப் பாருங்கள். 60இல் மட்டும்தான் இலாபம் வருகிறதென்றால், அந்த 60ஐ எட்டும்வரை தாங்கக் காசு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, அந்தப் பொருளை விற்கும் நாலைந்து கடைக்காரரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "இதே பொருள் வேறு பெயரில், பத்து வீதம் குறைவாக வந்தால் வைப்பீர்களா?" "வைப்பேன்" என்கிறவரிடம் எத்தனை நாள் கடன் கேட்பார் என்று உடனே கேளுங்கள். அசல் கம்பனி 14 நாள் கொடுக்க, உங்களிடம் 60 நாள் கேட்டால், அந்தப் பத்து வீதத்துக்கு மேல் இன்னொரு செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.